ஐரீன் கோசாக்கின் மணி

‘டங்’ என்று நிலவறையிலிருந்து ஒரு சத்தம். சற்று இடைவெளி. மறுபடியும் ‘டங்’. அடுப்பருகே ஸ்பகெட்டியை வடித்துக்கொண்டிருக்கும் ஐரீன் கோசாக் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “வட்டு ட்ரையர்ல படுது. வலைக்குள்ள அடிடான்னா எவன் கேக்குறான்?”

எங்கள் ஊர் வில்லோ ஃபோர்க்கில் மேட்ச் நாள் என்றால் மதியம் ஸ்பகெட்டிதான். எங்கள் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆட வெளியூரிலிருந்து பையன்கள் வருவார்கள். அவர்களில் ஒருவனை ஒவ்வொரு குளிர்காலமும் ஐரீன் தன் நிலவறையில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறார். லீக் தொடங்கிய வருடம், இடுப்பில் கைக்குழந்தையோடு ஆரம்பித்த வழக்கம் அது.

பையன்கள் கீழே வட்டு அடித்துப் பழகும்போது குறி தப்பி விழுந்த பள்ளங்களாக, அந்த லீக்கின் வரலாறு முழுவதும் துணி காயவைக்கும் ட்ரையரின் தகரத்தில் இருக்கிறது. கதவிலுள்ள பெரிய பள்ளம் முதன்முதலில் தங்கிய கர்பி அடித்தது. அப்போது எட்டு ஊர்கள் ஆடின. கர்பி இப்போது தாத்தா. மூலையில் உள்ள நசுங்கல், சுரங்கம் மூடி ரோவன் அணி கலைந்தபோது அங்கிருந்து வந்தவனுடையது. இரண்டு ஊர்கள் ஒரே அணியாகி, சட்டையின் நிறத்துக்காக ஒரு பருவம் முழுக்கச் சண்டை போட்டார்களே, அந்த வருடத்துக்கும் ஒரு பள்ளம் உண்டு. இப்போது மிஞ்சியவை ஐந்து ஊர்கள். புது ட்ரையர் வாங்கித் தருவதாக மகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். “துணி காயுதுல்ல? அப்புறம் என்ன?”

வாசற்கதவின் உட்புறம், ஆணியில் ஒரு மாட்டு மணி தொங்குகிறது. ஐரீன் அதை அரங்கத்தில் ஆட்டினால் ஊரே எழுந்து நின்று கத்தும். ஆனால் தன் நிலவறையில் தூங்கியவன் எவனாவது எதிரணியில் இருந்தால் அன்று மணி அசையாது. லீக் சுருங்கச் சுருங்க, பையன்கள் அணி மாற மாற, அது அசையாத நாட்களே அதிகம். “அந்த ஊரு கோச்சும் நம்ம வீட்டுல சாப்பிட்டவன்தான். நான் யாரை எதிர்த்து அடிக்கறது?”

இந்தக் குளிர்காலம் ஐரீனின் நிலவறையில் தங்கியிருந்தவன் டேனர் டெஜர்லே. ஜனவரியில் அவனை டாமரக் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவசரத்தில் அவன் ட்ரையரிலேயே விட்டுப்போன கம்பளிக் காலுறை ஒன்றை, நாக்கு அசையாதபடி ஐரீன் மணிக்குள் திணித்துவைத்தார்.

இன்றிரவு அதே டாமரக்கோடு கடைசி ஆட்டம். தோற்றால் எங்களுக்கு அடுத்த சுற்று இல்லை. அதன் டிக்கெட் பணம் வராவிட்டால் அடுத்த குளிர்காலம் அணியே இல்லை. காலையில் மேலாளர் லோர்ன் ஃப்ரீசன் வந்து இதே வாசலில் நின்றார். “ஐரீன், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அடிச்சிடு. உன் மணி இல்லன்னா நம்ம பசங்க காலே ஓடாது.”

“பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. காபி ஆறுது” என்றார் ஐரீன்.

கீழே வட்டு அடித்துக்கொண்டிருந்தவன் டேனர்தான். அணி மாறிப் போனவன் இந்த ஊருக்கு ஆட வந்தால், பழைய வீட்டில் மதியச் சாப்பாடு அவனுக்கு உண்டு. மேலே வந்து தட்டின் முன் உட்கார்கிறான்.

“டாமரக்ல சாப்பாடு எப்படிடா?”

“சாஸ்ல சக்கரை போடுறாங்க மிஸஸ் கே.”

“அதான் இளைச்சுட்ட.”

“இல்லையே, எடை ஏறியிருக்கே.”

“ஏற வேண்டிய எடத்துல ஏறல” என்று அவன் தலையில் கரண்டியால் தட்டுகிறார்.

பாதித் தட்டில் அவன் கை நிற்கிறது. “இன்னிக்கு நாங்க ஜெயிச்சா இங்க டீமே இருக்காதாமே?”

“ஆமா.”

“நான் என்ன பண்ணட்டும்?”

“ஆடு. ஒழுங்கா ஆடு. விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சா அப்புறம் இந்த வீட்டுல உனக்குத் தட்டு கிடையாது.”

அவன் கண் கதவுப் பக்கம் போகிறது. “மணி?”

ஐரீன் இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைக்கிறார். “சாப்பிடு.”

கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். ஐரீன் ஆணியிலிருந்து மணியை எடுக்கிறார். உள்ளே விரலை விட்டுக் காலுறையை இழுத்து அவன் கையில் வைக்கிறார்.

“உன்னோடதுதான். துவைச்சது.”

டேனர் காலுறையைப் பார்க்கிறான், மணியைப் பார்க்கிறான். மெல்லச் சிரிப்பு வருகிறது. “அப்போ சரி, அடிங்க மிஸஸ் கே” என்று அதைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு பனியில் இறங்குகிறான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை ஐரீன் நிற்கிறார். பிறகு மணியை ஆணியில் மாட்டிக் கதவைச் சாத்துகிறார். சாத்திய அதிர்வில் மணி அடிக்கிறது.