அரபி நடந்த தெரு

அரபி என்றால் எனக்கு இன்றும் கருவாட்டு வாசனைதான் முதலில் வரும்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பம். கடலைப் பார்த்து ஒரே தெரு. வளைகுடாவில் கடை வேலை பார்த்துத் திரும்பியிருந்த நான், அங்கே கிளம்பும் எங்கள் தெருப் பையன்களுக்கு அரபி சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஏழுமலை என் வயசுக்காரன். எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் அவனை எப்போதோ கைகழுவியிருந்தது. ஆனால் அரபிப் பேச்சு வராதவனை வளைகுடாவில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

அதனால் இலக்கணத்தைத் தெருவில் வைத்தேன். வீட்டுக்கு ஒரு சொல். மனசுக்குள் தெருவில் நடந்தால் அந்தந்த வாசலில் அது கிடைக்கும். அஞ்சலை அக்கா வீட்டில் 'அரூஹ்', நான் போகிறேன். அடுத்த வீட்டில் 'தரூஹ்', நீ போகிறாய். கடைசியில் ஏழுமலை வீடு. அங்கே 'நரூஹ்', நாம் போகிறோம்.

வாசலில் நின்று சொல்லையும் அதன் தமிழையும் கத்துவோம். அஞ்சலை அக்கா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே வைவாள்...

"இன்னாடா, தெனம் என் வூட்டாண்ட வந்து போறேன் போறேன்றீங்க! போயித் தொலைங்கடா!"

ஏழுமலை போனான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் தெருவுக்குள் வந்தது.

அவன் போனில் கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மா உசுரோட கீதா, மச்சான்?"

"கீதுடா."

"வேற யாரப் பத்தியும் சொல்லாத. தெருவுல ஆளு இல்லன்னு தெரிஞ்சா நான் எப்டி அரபி பேசுவேன்?"

சொல்லவில்லை. அஞ்சலை அக்காவைப் புதைத்துவிட்டு வந்த கையில்தான் அந்த ரிசீவர் இருந்தது.

சில வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். குரல் தணிந்திருந்தது.

"நீ சொல்லல... ஆனா மனசுக்குள்ள தெருவுல நடந்தா, அஞ்சலக்கா வூட்டுக் கதவு தொறந்து கீது மச்சான். உள்ள தண்ணி. கூப்ட்டா யாரும் வரல. ஊருக்குப் போறேன்னு மொதலாளியாண்ட கேக்கப் போயி நின்னேன். அந்தப் 'போறேன்' மட்டும் அரபில வரவே இல்ல."

இப்போது அந்தத் தெரு இருந்த இடத்தில் ரிசார்ட் சுவர். கடலோரம் ஆபத்து என்று எங்களைக் கடலை விட்டு உள்ளே தள்ளினார்கள். ரூம் எடுத்துத் தங்குகிறவனுக்கு மட்டும் அந்த ஆபத்து இல்லை போல. புதுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. எந்த வாசலிலும் ஒரு சொல்லை வைக்க முடியாது. பையன்கள் மொபைலில் அரபி படிக்கிறார்கள். நல்லதுதான்...

ஏழுமலை இன்னும் வரவில்லை. "அப்பால பாக்கலாம் மச்சான்" என்பான்.

அந்தச் சுவரோரம் இப்போது யாரும் மீன் உலர்த்துவதில்லை. ஆனாலும் ஒரு இடத்தில் கருவாட்டு வாசனை வருகிறது. அங்கே நின்று, மெதுவாக 'அரூஹ்' என்பேன்.

சொல்லிவிட்டு, அந்த வசவுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.