மகள் என்னைக் காரிலிருந்து இறக்கிவிட்ட வாரம்

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், ஜொலீன் டோர்விக் நன்றாகக் கார் ஓட்டுவாள் என்று சொல்ல மாட்டார்கள். வேகமாக ஓட்டுவாள் என்பார்கள். அப்படி ஓட்டியும் எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஜொலீன் நான்தான். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, “கொஞ்சம் நேரத்துக்கு வந்துடுங்க” என்று ஊராருக்கெல்லாம் போன் செய்வதுதான் என் வேலை. அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போனை வைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.

பிள்ளைகளுக்கு உரிமம் வாங்கும் வயதான பதினாறு ஆனால் மற்ற அம்மாக்கள் கண் கலங்குவார்கள். என் மகள் பிரிட்டாவுக்குப் பதினாறு ஆனபோது நானோ கணக்குப் போட்டேன். அவளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டால், தம்பி ஓவெனையும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரையும் ஐஸ் ஹாக்கிப் பயிற்சிக்கு அவளே கொண்டுபோய் விடுவாள். கடைக்கும் அவளே போவாள். நான் சோபாவில் காலை நீட்டிக்கொள்வேன். என் கணவர் டேரல் மாவட்டத்தின் பனி வாரும் லாரி ஓட்டுபவர். மார்ச் மாதத்திலும் பனி கொட்டும் மினசோட்டாவில் அப்படிப்பட்ட ஒருவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒரு டிரைவர். பெற்று வளர்த்த டிரைவர்.

ஆபத்தை முன்கூட்டியே பார்த்துத் தற்காத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்று சந்தைத் திடலில் சனிக்கிழமை நடப்பதாக அறிவிப்பு வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கானது; பெற்றோரில் ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும். உடனே பெயர் கொடுத்தேன். அதே வாரத்தில் ஓவெனின் போட்டி இருந்ததையும், பல் மருத்துவமனையில் இன்னொருத்தி விடுப்பில் போவதையும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில், புதன்கிழமை எளிய சாப்பாட்டுக்குச் சர்ச்சில் சூப் கொண்டுவருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்ததையும் பிறகுதான் பார்த்தேன்.

புதன்கிழமை கோழியும் காட்டரிசியும் போட்ட சூப்பைப் பெரிய பானையோடு பின் சீட்டில் ஓவென் பக்கத்தில் வைத்தேன். பழகுநர் உரிமத்தோடு பிரிட்டா ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டே வழிநடத்தினேன்.

“போ, போ, சிக்னல் மஞ்சள்தானே, போயிடு!”

“மஞ்சள்னா நிக்கணும்மா.”

“யாரு சொன்னா? மஞ்சள்னா சீக்கிரம் போகணும்னு அர்த்தம்.”

அவள் நின்றாள். வண்டியும் நின்றது. சூப் மட்டும் நிற்கவில்லை.

“அம்மா, என் ஹாக்கிப் பைக்குள்ள கோழி நீந்துது!” என்று கத்தினான் ஓவென்.

சர்ச் சமையலறையில் மிச்சமிருந்த அரைப் பானையில் வெந்நீரை ஊற்றிக் கலக்கினேன். போதகர் இரண்டு வாய் குடித்துவிட்டு, “தவக்காலத்துக்கு ஏத்த மாதிரி இருக்கு ஜொலீன்” என்றார். அந்த மனிதர் யார் மனதையும் புண்படுத்த மாட்டார். அதனால்தான் அது இன்னும் வலித்தது.

சனிக்கிழமை காலை திடல் முழுக்கப் பனி கெட்டியாகிக் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பயிற்சி தந்தவள் ரெனே குபிசெக். முன்பு நெடுஞ்சாலைப் போலீசில் இருந்தவள். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். வழுக்கும்போது எந்தப் பக்கம் திருப்புவது, பிரேக்கை எப்படி மிதிப்பது என்றெல்லாம் பிள்ளைகள் பழகினார்கள். பிரிட்டா நாக்கைக் கடித்துக்கொண்டு அழகாகச் செய்தாள். நான் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, சர்க்கரை பூசிய டோநட் தின்றபடி பெருமைப்பட்டேன்.

அடுத்து ரெனே பெற்றோரைப் பார்த்துச் சொன்னாள்: “இப்ப கவனச் சிதறல் பயிற்சி. பிள்ளைங்க ஓட்டட்டும். நீங்க பின்னாடி உக்காந்து தொந்தரவு பண்ணணும். வெக்கப்படாம நல்லா நடிங்க.”

மற்ற பெற்றோருக்கு நடிப்பு வரவில்லை. ஒரு அப்பா பாட்டுப் பாடினார். இன்னொருவர் சும்மா கையைத் தட்டினார். அதற்கே அவர்கள் பிள்ளைகள் கூம்புகளைச் சாய்த்தார்கள். எங்கள் முறை வந்தபோது, நான் நடிப்பைத் தொடங்குவதற்குள் என் போன் நிஜமாகவே அடித்தது. ஓவெனின் கூட்டாளி ஒருவனின் அம்மா.

“ஆமா ஆமா, நானே கூட்டிட்டுப் போறேன்... பிரிட்டா, ஓவென் ஸ்கேட் எங்க வெச்சான்? ...இல்ல, உங்ககிட்ட கேக்கல... பிரிட்டா, இந்தா ஒரு வாய் கடிச்சுக்க, காலைலேந்து ஒண்ணும் சாப்பிடல நீ... ஏய், இடது பக்கம், இடது!”

டோநட்டை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். கார் மெதுவாக, எதிலும் படாமல் நின்றது. பிரிட்டா கியரைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை.

“அம்மா, எறங்கு.”

“என்னது?”

“எறங்கும்மா. நீ இருந்தா என்னால ஓட்ட முடியாது.”

இறங்கினேன். திடலின் நடுவில், கூம்புகளுக்கு இடையில் இன்னொரு கூம்பாகக் காற்றில் நின்றேன். ரெனே கை தட்டிக்கொண்டே வந்தாள். “எல்லாரும் பாத்துக்கங்க! இதுதான் சரியான விடை. இன்னிக்கு இதைச் செஞ்சது இவ ஒருத்திதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க நடிப்பு பிரமாதம்ங்க” என்றாள்.

“நன்றி” என்றேன். வேறென்ன சொல்ல?

அதோடு விட்டிருக்கலாம். பெற்றோரில் யாராவது ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று அவள் கேட்டதும், போன மானத்தை மீட்க வேண்டும் என்ற வெறியில் முதலில் கையைத் தூக்கியவள் நான். பிரிட்டா பின் சீட்டுக்குப் போனாள். நான் வண்டியைக் கிளப்பியதுமே ஆரம்பித்தாள்.

“போ, போ, லேட் ஆயிடுச்சு! அவன் பை எங்க? இந்தா ஒரு வாய் கடிச்சுக்க! அய்யோ, சூப்பு, சூப்பு!”

என் குரல்தான். அந்த இழுப்பு, அந்த அவசரம், அந்தக் கீச்சு எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். ஒரு கண நேரம்தான். அதற்குள் கூம்புகளுக்குப் பின்னாலிருந்து, சிவப்புச் சட்டை மாட்டிய ஒரு பஞ்சுப் பொம்மையை ரெனே கயிற்றால் இழுத்து விட்டிருக்கிறாள். மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

பொம்மை ஒரு சின்னப் பையன் உயரம். கார் பானட்டின் மேல் ஒட்டிக்கொண்டு கை இரண்டையும் விரித்தபடி என்னைப் பார்த்துக் கிடந்தது. என் சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்டியரிங்கை விட முடியவில்லை. விரல்கள் அதோடு ஒட்டிப்போன மாதிரி இருந்தன. வெளியே நின்றவர்களில், பாட்டுப் பாடிய அப்பா கூடத் தொப்பியைச் சரிசெய்வது போல வேறு பக்கம் பார்த்தார்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. “பஞ்சுதான்மா” என்றாள் பிரிட்டா, தன் சொந்தக் குரலில்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். நான் போனை அணைத்துவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு, சாலையின் இரு பக்கமும் பனிக் குவியல்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மெதுவாக அந்த வழியில் நான் போனதே இல்லை. நடுவில் ஒரு குதிரைப் பண்ணை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

டேரல் சமையலறையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“உன்கூட கார்ல வர்றப்ப நான் ஏன் எப்பவும் தூங்குறேன்னு நெனச்ச?”

“லாரி ஓட்டுற களைப்புன்னு.”

“தூங்கல ஜோ. கண்ண மூடிக்கிறேன்.”

ஏப்ரலில் பிரிட்டாவுக்கு உரிமம் கிடைத்தது. என் சோபாக் கனவு அன்றே முடிந்தது. முதல் ஆறு மாதம், குடும்பத்தைச் சேராத இளவட்டங்களில் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாதாம். ஓவெனின் கூட்டாளிகள் மூன்று பேர். “சட்டம்மா” என்றாள், கொஞ்சம் சந்தோஷத்தோடு. ஆகவே பையன்களைக் கூட்டிப்போவது இன்னும் நான்தான். மற்ற அம்மாக்களைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் என்னால் முடியாது என்று சொன்னேன். உலகம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். “சரி, நான் பாத்துக்கறேன்” என்றாள் ஒருத்தி.

பிரிட்டா முதல்முறை தனியாக வெளியே போனது ஐஸ்கிரீம் கடை வேலைக்கு. கார் தெருமுனையில் திரும்பும் வரை ஜன்னலில் நின்றேன். பிறகு, போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினேன். பிறகு போன் செய்தேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியைத் தேடினேன்.

கடைசியில் பதில் வந்தது: ‘வந்துட்டேன். நான் ஓட்டிட்டு இருக்கறப்ப எதுக்கும்மா மெசேஜ் அனுப்புற?’

இப்போதெல்லாம் அவள் காரை எடுத்தால் என் போனை டேரலிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் அதை எங்கே வைக்கிறார் என்று எனக்குச் சொல்வதில்லை.