மணி குறிக்காத ஓர் எண்

என் மேசையில் ஓர் அளவுக் கண்ணாடி நிற்கிறது. மழைமானியில் சேர்ந்த தண்ணீரை ஊற்றி மில்லிமீற்றர் பார்க்கும் ஒல்லியான கண்ணாடி. மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தேன். காலை ஆறு மணிக்கு மழை அளந்து எழுதுவது என் பொறுப்பு. எனக்குக் கீழே வேலைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லியிருக்கிறேன்: மணி தவறி அளந்த மழையை எழுதாதே, கட்டத்தை வெறுமையாக விடு.

அக்காவுக்கு இந்தக் கண்ணாடி என்றாலே கேலி. கொழுந்துக் கூடையோடு அலுவலகத்தைக் கடக்கும்போது, கூட வரும் பெண்களுக்கும் கேட்கும்படி, "மழ பேஞ்சது நம்ம முதுகுக்குத் தெரியும். எந் தம்பிக்குப் பொஸ்தகத்தப் பாத்தாத்தான் தெரியும்" என்பாள். பதின்மூன்று வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்தெடுக்க மலையேறி, என்னைப் படிக்க வைத்தவள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியே பார்க்கத்தான் அவ்வழியாக வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் லயத்து வீட்டுக்குப் போகக் குறுக்குப் பாதை ஒன்று இருந்தது.

1998 நவம்பர் 30, திங்கட்கிழமை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள், பிறகு சரிந்தாள். தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் இல்லை. இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கசிந்த இரத்தத்தைச் சுற்றி மூளை அழன்று வீங்கும். அந்த அழற்சியின் அடையாளம் உடம்பின் இரத்தத்திலும் தெரியலாம். வெள்ளை அணுக்களின் கணக்கும் இரத்தம் படியும் வேகமும் ஏறிக்கொண்டே போனால் மீள்வது கடினம், இறங்கினால் கொஞ்சம் நம்பலாம். "ஆனா இத மட்டும் வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது" என்றும் சேர்த்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.

பரிசோதனை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று நேராக நின்றது. ஒரு மணி நேரத்தில் சிவப்பு கீழே படிய, மேலே தெளிந்த மஞ்சள் நீர் எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்தார்கள். எனக்கு வாழ்நாள் முழுவதும் பழகிய வேலை அது. கொப்பியில் கட்டம் போட்டேன். திங்கள் நாற்பத்தெட்டு. செவ்வாய் அறுபத்தொன்று. புதன் எழுபது.

அக்காவுக்கு ஒரே மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். புதன் மாலை, தொலைபேசிக் கடையில் அவள் குரல் கிடைத்தது. "மாமா, வெள்ளிக்கிழம பிளேன்ல அனுப்புறேன்னு வீட்டுக்காரம்மா சொல்லுது. போனா திரும்ப எடுக்க மாட்டாங்களாம். அம்மாவ ஒருக்காப் பாத்தாப் போதும். வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்துர்றேன்."

"நாளைக்கி ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்றேன், பாப்பா" என்றேன்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அவசரம் இல்லாத பரிசோதனை எதுவும் இல்லை, வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாள் கட்டம் வெறுமையாகக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. கெஞ்சினேன். வார்டில் இரக்கப்பட்ட தாதி மிஸ்ஸி ஒருத்தி காலை ஏழு மணிக்கு இரத்தம் எடுத்துச் சிறிய போத்தலில் தந்தாள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் இருந்த ஒரு தனியார் பரிசோதனைக் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது, சொந்தக்காரர் விகாரைக்குப் போயிருந்தார். வாசற்படியில் காத்திருந்தேன், போத்தலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு. அவர் வந்து கடை திறக்கும்போது நாலு மணி. ஐந்து மணிக்கு எண் கிடைத்தது. முப்பத்தாறு.

பாதியாக இறங்கிவிட்டது! தொலைபேசிக் கடைக்கு ஓடினேன். "கொறஞ்சிருச்சு பாப்பா. அவசரப்படாத. ஒப்பந்தத்த முடிச்சிட்டே வா." அவள் அழுதாள், சிரித்தாள், "நீங்க பாத்துக்குவீங்க மாமா" என்றாள்.

வெள்ளிக்கிழமை இரத்தம் எடுத்தார்கள்; சனிக்கிழமை காலைதான் முடிவு எழுதிய துண்டு கைக்கு வந்தது. தொண்ணூற்றிரண்டு. வெள்ளை அணுக்களும் ஏறியிருந்தன. நான் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பரிசோதகரிடம் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர், அதிகம் பேசாதவர். முப்பத்தாறின் மேல் விரலை வைத்தார்.

"இது எத்தினை மணிக்கு எடுத்த இரத்தம்? எத்தினை மணிக்குக் குழாயிலை விட்டவை?"

சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒம்பது மணித்தியாலம் நிண்ட இரத்தம் ஐயா. நேரம் போனால் படியிறது குறைஞ்சு போகும். அது நோய் குறைஞ்சதில்லை. இந்த எண்ணை வெட்டிவிடுங்கோ."

வெள்ளிக்கிழமை விமானம் போய்விட்டிருந்தது. விமானத்தில் அடுத்த இடம் புதன்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். ஞாயிறு அதிகாலை அக்கா போய்விட்டாள்.

பிற்காலத்தில் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களிலும் நூலகத்திலும் இதைத் தேடித் தேடி வாசித்தேன். மூளையில் இரத்தம் கசிந்த பிறகு இரத்தத்தில் தெரியும் அழற்சி, நோயாளி தேறுவாரா என்பதற்கு ஒரு தடயம் என்று மருத்துவர்கள் கவனித்துத்தான் வருகிறார்கள். அந்த எண்களால் அக்காவைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் அவை எங்களிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. இடையில் பொய்யான எண் ஒன்றை எழுதியவன் நான்.

அக்காவின் மகள் 2000ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்து வந்தாள். கொப்பியை அவள் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுக்கொண்டு போனவள், "நீங்க பாத்துத்தானே மாமா சொன்னீங்க" என்றாள். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். அவள் வெளியே வர வெகு நேரமாயிற்று.

ஓய்வுபெற்ற பின்னும் மழை அளக்கிறேன். இன்று காலை ஆறு மணிக்கு இந்தக் கண்ணாடியில் ஒன்பது மில்லிமீற்றர். மணியோடு எழுதிவிட்டேன். பழைய கொப்பியும் பக்கத்தில்தான் இருக்கிறது. போயா நாளின் கட்டத்தில் முப்பத்தாறு மட்டும் இருக்கிறது. ஏழு, நாலு என்று இரண்டு மணிகளை அதன் பக்கத்தில் எழுத வேண்டும். பேனாவை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன்.