இரண்டு அங்குலச் செய்தி

கல்யாணப் பேச்சின்போதே பெண்ணின் அண்ணன் கேட்டுவிட்டார், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"ஸ்டிரிங்கர்."

"கிட்டாருக்குக் கம்பி மாட்டுவீங்களா?"

பேக்கரி முதலாளியான அவருக்கு அதற்கு மேல் தெரிந்திருக்க நியாயமில்லை. பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிற, ஆனால் பத்திரிகையில் சம்பளத்துக்கு இல்லாத நிருபர் என்று மாப்பிள்ளை விளக்கினான். ஸ்டிரிங் என்றால் நூல். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களின் அச்சான செய்தியை நூலால் அளந்து, நீளத்துக்கு ஏற்றபடி கூலி கொடுத்தார்களாம். பெயர் அதிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள்.

"அப்ப துணிக்கடை மாதிரின்னு சொல்லுங்க," என்றார் மச்சான். ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார்.

அவனுடைய பத்திரிகை இன்னமும் அங்குலக் கணக்கில்தான் கூலி தந்தது. அதனால் இழுப்பது அவனுக்குக் கைவந்த கலை. தண்ணீர்க் குழாய் உடைந்தால், குழாய் போட்ட வருஷம், திறந்து வைத்தவர், அவர் பேசிய பேச்சு எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் தண்ணீர் வரும். தலைமை அலுவலகத்தில் துணை ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவார். மிச்சம் ஏழாம் பக்கத்து மூலையில் வரும். காலையில் சட்டைப்பையிலிருந்து பார்சல் நூலை எடுத்து அதை அளந்து பார்ப்பான். ஊரில் அவனுக்கு 'அங்குலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் சுகாதார அதிகாரிகள் மச்சானின் பேக்கரிக்குப் பூட்டுப் போட்டார்கள். மாவு மூட்டைக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

அங்குலத்துக்கு ஒரு நொடி வாயெல்லாம் பல். கிட்டார் கம்பிக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல நேரம் வருமா! எலியின் பூர்வீகத்திலிருந்து ஆரம்பித்தால் அரைப் பக்கம் தேறும். மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதாதீங்க. எங்க அண்ணனுக்கு அந்தக் கடைய விட்டா வேற நாதியில்ல."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவனுக்கு எலி ஆசை விட்டுப்போயிற்று. ஆனால் எழுதாமலும் முடியாது. மற்றப் பத்திரிகைக்காரன் எழுதிவிட்டால், இவன் பிழைப்பில் மண்.

"சின்னதா எழுதுறேன். யார் கண்ணுலயும் படாது," என்றான்.

வாழ்க்கையில் முதல்முறையாக இழுக்காமல் எழுதினான். கடை, எலி, பூட்டு. மூன்றே வரி. ஒவ்வொரு வார்த்தையை அடிக்கும்போதும் சொந்தச் சட்டையைக் கிழிப்பதுபோல வலித்தது.

மறுநாள் காலை துணை ஆசிரியர் போனில் குதித்தார். "பிரமாதம்யா! முதல் பக்கத்துல ஒரு சின்ன இடம் காலியா இருந்துச்சு. உன் செய்தி கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. ஒரு எழுத்துகூட வெட்டல!"

பத்திரிகையை விரித்தான். முதல் பக்கத்தின் நடுவில், கறுப்புக் கட்டம் கட்டிய பெட்டிச் செய்தி. பழக்கதோஷத்தில் நூல் வெளியே வந்தது. இரண்டு அங்குலம். மனைவி எட்டிப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த போன் மச்சானிடமிருந்து வந்தது. திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே வைத்தான். அவர் குரல் உடைந்திருந்தது.

"ஏன் மாப்பிள்ளை, நீங்க வழக்கம்போல இழுத்து எழுதியிருந்தா, ஊர்ல ஒருத்தனும் எலி வரைக்கும் படிச்சிருக்க மாட்டானே!"