மணியடிப்பவரின் தொண்டை

என் வீட்டுக்காரருக்கு நாடாளுமன்றத்தில் மணியடிக்கிற வேலை. மனுஷனுக்கு வாயே கிடையாது. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், இவர்தான் "மன்னிச்சுக்கங்க" என்பார். ஓட்டெடுப்பு என்றால் பொத்தானை அமுக்குவார். கட்டடம் முழுக்க மணி அலறும், உறுப்பினர்கள் அவைக்கு வருவார்கள். இத்தனை வருஷமும் இவருக்கும் சேர்த்து அதுதான் கத்தியது.

அந்தப் பாவி மணி போன மாதம் மண்டையைப் போட்டது. ரிப்பேருக்குப் பணம் அடுத்த வருஷச் செலவுச் சட்டத்தில் இருந்தது. நாடாளுமன்றம் தன் வீட்டு விளக்கை எரிக்கக்கூடச் சட்டம் போட்டுத்தான் கஜானாவில் கைவைக்க முடியுமாம். சட்டம் நிறைவேற ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட மணி வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான்.

கடைசி நாளும் வந்தது. அன்று நிறைவேறாவிட்டால் ஒன்றாம் தேதி அங்கே ஒருவருக்கும் சம்பளம் இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அதில்தான். அவையிலோ ஈயாடியது. அடுத்தவர் செலவை நாள் முழுக்கக் கிழிப்பவர்களுக்கு, தங்கள் செலவுக்குக் கைதூக்க மட்டும் வெட்கம். மற்றவன் தூக்குவான் என்று ஆளாளுக்குக் கேன்டீனில் பதுங்கிவிட்டார்கள்.

இவர் அங்கே போய், "ஐயா... ஓட்டெடுப்புங்க" என்றாராம். ஒருவரும் திரும்பவில்லை. டீக்கரண்டிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டதாம்.

அப்புறம் இவர் மேல் எந்தச் சாமி வந்து இறங்கியதோ!

"நாளையிலேருந்து டீ கிடையாது! கேன்டீனுக்கும் இந்தச் சட்டத்துலதான்யா காசு!"

கூரை அதிர்ந்ததாம். அத்தனை பேரும் விழுந்தடித்துக்கொண்டு அவைக்கு ஓடினார்கள்.

ஓட்டுக்கு முன்னால் ஒரு புண்ணியவான் எழுந்தார். "மணி ரிப்பேருக்கு எதுக்குத் தண்டச் செலவு? அதான் இவர் தொண்டை இருக்கே!" மேசையைத் தட்டிச் சிரித்து, அந்த ஒதுக்கீட்டை மட்டும் வெட்டிவிட்டு, சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

"ஏங்க, நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று வீட்டுக்கு வந்தவர் மேல் எரிந்து விழுந்தேன்.

"சம்பளம் வருதில்ல, விடு" என்றார். கத்திய தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்தேன். பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க? அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லையே என்று ஆற்றாமையாகவும் இருந்தது.

இப்போது வீட்டில் அந்த "விடு"கூடக் கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் பதில் இல்லை. சண்டைக்குப் போனால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கிசுகிசுக்கிறார்: "இது நாடாளுமன்றச் சொத்து. வீட்டு உபயோகத்துக்கு இல்ல."