தூக்கிக்கொண்டு போய்விடுவோம்

"திருமதி வித்யாலக்ஷ்மி எங்கள் குடும்பத்தின் மலர்ந்த முகம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் மனத்தால் பறப்பவர். பயணம் என்றால் அவருக்கு உயிர். பொறுமையின் இருப்பிடம். சக ஊழியர்களின் அன்பான உதவியைப் புன்னகையோடு ஏற்றுக்கொள்பவர்."

கல்கத்தா சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் உள்ள ஒரு பயணத் தொழில்நுட்பக் கம்பெனியின் ஆண்டறிக்கையில், 'எல்லோருக்கும் இடம்' என்ற தலைப்பில், முழுப்பக்க வண்ணப் படத்தோடு வந்த வர்ணனை இது. கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்வார்கள்.

வித்யாலக்ஷ்மிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று அவள் எங்கும் விண்ணப்பம் போட்டதும் இல்லை. மலர்ந்த முகம் என்பது, வெயிலில் அரைமணி நேரம் உட்கார வைக்கப்பட்டவள் புகைப்படக்காரனைப் பார்த்துப் பல்லைக் கடித்ததுதான். பயணம் அவளுக்கு அறவே பிடிக்காது. பொறுமையைப் பற்றி ஜாதவ்பூர் காய்கறிக்காரர்களிடம் விசாரிக்கலாம். அவள் நாற்காலி தெருமுனையில் தெரிந்தாலே சொத்தைக் கத்தரிக்காயை அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

அப்பா பட்டாபிராமன் வங்கி அதிகாரி. குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில். வித்யாவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. கல்லூரியில் அவள் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டாள். இலக்கியம் இரண்டாம் மாடியில் இருந்தது. புள்ளியியல் கீழ்த்தளத்தில் இருந்தது. ஆகவே புள்ளியியலில் முதல் வகுப்பில் தேறினாள். இதை விதி என்று உறவினர்கள் சொன்னார்கள். மாடிப்படி என்று அவள் சொன்னாள்.

இந்தக் கம்பெனிக்கு அவள் முதலில் வந்தது வாடிக்கையாளராக. விடுமுறை என்றால் வங்காளிக்குத் திகா, பூரி, டார்ஜீலிங் மூன்றும்தான்; மூன்றையும் வங்காள உச்சரிப்பில் சேர்த்து தி-பு-தா என்று ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். இதில் பூரிக்குப் போயே தீர வேண்டும் என்று தம்பி கிரீஷ் அடம்பிடித்தான். கம்பெனியின் ஆப்பில் ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சக்கர நாற்காலி அடையாளம் இருந்தது. நாற்காலியோடு உள்ளே போய்வர வசதி உண்டு என்று அதற்குப் பொருள். போய்ப் பார்த்தால் வாசலிலேயே படிகள். கேட்டதற்கு ஓட்டல்காரர் நான்கு ஆட்களைக் கூப்பிட்டார். நாற்காலியோடு தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவனுக்குப் போன் வந்தது. எடுத்தான். போனைத்தான், நாற்காலியை விட்டுவிட்டான்.

தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தவளிடம் ஓட்டல்காரர் குனிந்து, "ரேட்டிங்ல எதுவும் எழுதிடாதீங்க தீதி" என்று அக்கா முறை வைத்துக் கேட்டுக்கொண்டார்.

விழுந்தது அந்த ஒரு முறை. விழாமல் போன முறைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தூக்குகிறவனின் கை எங்கே படுகிறது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். சில சமயம் நன்றாகவே தெரியும். தூக்கப்படுகிறவள் வாயைத் திறக்க முடியாது. திறந்தால், உதவி செய்தவனை அவமதித்த நன்றி கெட்டவள்.

ஊர் திரும்பி அவள் எழுதிய புகாரைக் கம்பெனி படித்தது. இவ்வளவு காரமாக எழுதுகிறவளை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்று தோன்றியிருக்க வேண்டும். வேலை கொடுத்தார்கள். இனி நீல அடையாளம் வேண்டும் என்று கேட்கும் ஓட்டல்களைப் போனில் விசாரிப்பது அவள் பொறுப்பு. அந்த விசாரணை பெரும்பாலும் வங்காளத்தில் இப்படி நடக்கும்:

"வாசல்ல எத்தனை படி?"

"படியே இல்ல தீதி. சும்மா மூணோ நாலோ இருக்கும்."

"ராம்ப் இருக்கா?"

"எதுக்கு? நம்ம பசங்க இருக்காங்க. துலே நேபோ." தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

"பாத்ரூம் கதவு நாற்காலி நுழையற அகலமா?"

"அதுக்கும் பசங்க இருக்காங்க தீதி."

"பாத்ரூம்லயும் நாலு பேரா?"

"நீங்க ரொம்பக் கேக்கறீங்க தீதி."

வித்யா 'இல்லை' என்று குறிப்பாள். 'இல்லை'கள் மலைபோல் குவிந்தன. விற்பனைப் பிரிவு கவலைப்பட்டு, 'உண்டு'க்கும் 'இல்லை'க்கும் நடுவில் 'ஆள் உதவி உண்டு' என்று ஒரு கட்டத்தைத் திறந்தது. முதலில் அதைப் பாதி உண்டு என்று கணக்கிட்டார்கள். சில மாதங்களில் முழு உண்டு ஆகிவிட்டது. படிக்கட்டு மட்டுமே உள்ள ஓட்டல்களுக்கும் நீல நாற்காலி முளைத்தது. வித்யா எதிர்த்து எழுதினாள். மனிதவளப் பிரிவின் தலைவி சுதேஷ்ணா பதிலாக அவளுக்கு ஒரு துளசிச் செடி அனுப்பினாள், மக்கிப்போகும் தொட்டியில்.

ஏனென்றால் கம்பெனிக்கு இயற்கையின் மேலும் அன்பு உண்டு. அந்த அன்பைக் கவனிக்க ஜெயந்த் என்ற இளைஞனைச் சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். தினமும் சைக்கிளோடு வருவான்; சைக்கிள் காரின் கூரைமேல் வரும். அவன் கொண்டுவந்த திட்டம் 'பசுமை வெள்ளி.' வெள்ளிக்கிழமைகளில் லிஃப்டை நிறுத்திவிடுவது; நான்காம் மாடிக்கு எல்லோரும் படியேறுவது. மின்சாரமும் மிச்சம், தொப்பையும் குறையும்.

வித்யா கேட்டாள், "நான்?"

"நீங்க வெள்ளிக்கிழமை வீட்லேருந்தே பண்ணுங்க மேடம். உங்க கார் வராததும் சேவிங்தான்."

உண்மையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அவள் ஏறாத லிஃப்டும் வராத காரும் குறைக்கப்பட்ட கரிப்புகையாக அறிக்கையில் ஏறின. அதற்கு அடுத்த பக்கத்தில்தான் 'எல்லோருக்கும் இடம்'.

இரண்டு அன்புகளும் ஒன்றையொன்று பார்க்காமல் சுகமாகவே இருந்தன, கேடயம் வரும் வரையில். எல்லோரையும் உள்ளடக்குதல், சூழல் பேணல், எங்கும் போய்வரும் வசதி மூன்றுக்கும் சேர்த்து ஒரே கேடயம் வழங்கும் ஓர் அமைப்பிலிருந்து நடுவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. துர்கா பூஜை விடுமுறைக்கு மூன்று வாரம் இருந்தது. அவர்கள் குறித்த நாள் வெள்ளிக்கிழமை.

நடுவர்கள் லிஃப்ட் ஓடாததையும் பார்க்க வேண்டும். நான்காம் மாடியில் வித்யாவையும் பார்க்க வேண்டும். கமிட்டி கூடியது. வேறு நாள் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார்; மின்சார மீட்டரைத் திரையில் நேரடியாகக் காட்டப் போகிறோம், அன்றைக்கு அது சும்மா இருப்பதுதானே அழகு என்றான் ஜெயந்த். முடிவில் ஒரு யோசனை எல்லோருக்கும் பிடித்தது. நல்ல உடல்வாகுள்ள நான்கு ஊழியர்களைப் பொறுக்கி, ஒரு நாற்காலியில் குடிதண்ணீர்க் கேன்களை அடுக்கி, மாடிவரை தூக்கி ஒத்திகை பார்த்தார்கள். கேன்கள் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.

வித்யாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வரச் சொன்னதால், லிஃப்ட் ஓடும் என்று நினைத்துக்கொண்டு அவள் வந்தாள். கிரீஷ் காரிலிருந்து இறக்கிவிட்டான். கீழ்த்தளத்தில், காவலாளி மொண்டலின் மேசைக்கு அருகே, அவளுடைய ஆளுயரப் படம் நின்றது. 'நான் பார்த்துவிட்டேன். நீங்கள் நம்பிப் போகலாம். - வித்யா.' நீல அடையாளத்தோடு இனி அவள் முகமும் பெயரும் வரும். பன்னிரண்டு மணிக்கு நடுவர்கள் முன்னால் ஆப்பின் அந்தப் புதிய பக்கத்தை அவளே பொத்தானை அழுத்தித் தொடங்கிவைப்பாள். இதுவும் அவளுக்கு அந்தப் படத்தின் அடியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நான்கு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே சுதேஷ்ணா, பட்டுப்புடவையில்.

"வா வித்யா, நேரமாச்சு. இவங்க உன்னை ஒரு இறகு மாதிரி கொண்டுபோயிடுவாங்க."

"லிஃப்டைப் போடுங்க சுதேஷ்ணாதி."

"இன்னிக்கு மட்டும்..."

"ரெண்டு நிமிஷம் போடுங்க. நான் ஏறினதும் நிறுத்திடுங்க."

ஜெயந்த் தமிழில் குறுக்கிட்டான். "மேடம், மீட்டர் லைவ்ல ஓடுது. ஸ்க்ரீன்ல ஒரு ஸ்பைக் வரும். ஜூரி கேப்பாங்க."

"கேட்டா, ஒரு மனுஷி ஏறி வந்தான்னு சொல்லு."

"ஒரே ஒரு வாட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மேடம்."

"உன்னை நாலு பேர் தூக்கிண்டு போனா எப்படி இருக்கும்னு யோசிச்சியோ? நம்ம ஊர்ல அப்படி ஒரு தடவைதான் போவா. அதுக்கும் அவா கிட்ட சம்மதம் கேக்கறதில்லை."

நால்வரில் ஒருவன் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தான். "தொட்டால் கத்துவேன்" என்று வித்யா அவனிடம் வங்காளத்தில் சொன்னாள். சாதாரணக் குரலில்தான். அவன் கையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

சுதேஷ்ணாவுக்குக் கண் கலங்கியது. உண்மையான கலக்கம்தான். "எவ்வளவு அன்போட தூக்க வந்திருக்காங்க. உனக்கு என்ன இவ்வளவு கர்வம்?"

"லிஃப்டுக்கு அன்பு கிடையாது சுதேஷ்ணாதி. அதனாலதான் அது எனக்குப் பிடிக்கும்."

நடுவர்கள் கீழே இறங்கி வரட்டும் என்றும் வித்யா சொல்லிப் பார்த்தாள். அவர்கள் நான்கு மாடி ஏறி இப்போதுதான் மூச்சு விடுகிறார்களாம். மறுபடி இறக்குவது மரியாதை இல்லையாம். மேலே போய் ஆலோசித்துவிட்டு வருகிறோம் என்று எல்லோரும் படியேறினார்கள். கிரீஷும் மொண்டலும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள்.

"அக்கா, ஆத்துக்குப் போயிடலாமா?"

"இருடா. என் பேர்ல என்ன விக்கறான்னு பாக்கறேன்."

மடிக்கணினியைத் திறந்தாள். புதிய பக்கம் தயாராக இருந்தது. மேல்மாடித் திரையில் நடுவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே பக்கம்தான்: இந்திய வரைபடம், அதில் நம்பிப் போகக்கூடிய ஒவ்வொரு ஓட்டலுக்கும் ஒரு நீலப் புள்ளி. திகா பக்கம் போனாள். பாத்ரூமுக்கும் பசங்க இருப்பதாகச் சொன்ன மனிதரின் ஓட்டல் நீலமாக மின்னியது. பூரிக்குப் போனாள். அவளைக் கீழே போட்ட ஓட்டல். வாசலில் அதே படிகள். பக்கத்தில் அவள் முகம்: 'நான் பார்த்துவிட்டேன்.' அதற்குக் கீழே, பூஜை விடுமுறைக்கு அந்த அடையாளத்தை நம்பிப் பதிவு செய்தவர்களின் விவரம். மதுரையிலிருந்து ஒருவர், தாயாருக்கு முதுகுத்தண்டில் அடி, நடக்க இயலாது, கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தார். அவர்கள் போய் இறங்கும்போது படியில் நான்கு பேர் காத்திருப்பார்கள். ஒருவன் பையில் போன் இருக்கும்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அடையாளத்தைப் போடவும் எடுக்கவும் இறுதி அதிகாரம் வித்யாவுடைய லாகினுக்கு மட்டும் இருந்தது. கேடயத்துக்கான விண்ணப்பத்தில், 'முடிவெடுப்பவர் ஒரு மாற்றுத்திறனாளியே' என்று எழுத வேண்டியிருந்ததால் சென்ற மாதம் கொடுத்த அதிகாரம் அது. கொடுத்ததை அவள் உபயோகிக்கவும் கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

'ஆள் உதவி உண்டு' என்ற கட்டத்தில் இருந்த ஓட்டல்களின் நீல அடையாளத்தை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். மொண்டல் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார். "மேலே ஏதோ சத்தம் கேக்குதே தீதி" என்றார்.

கேட்டது கைதட்டல். பிற்பாடு தெரிந்தது இது: திரையில் நீலப் புள்ளிகள் அணையத் தொடங்கியதும் நடுவர் ஒருவர் இது என்ன என்று கேட்டிருக்கிறார். ஜெயந்த் ஒரு கணம் திகைத்துவிட்டு, "எங்கள் வரைபடம்கூட மின்சாரத்தைச் சேமிக்கிறது" என்றானாம். திகா அணைந்தது, பூரி அணைந்தது, டார்ஜீலிங் அணைந்தது. அவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

சுதேஷ்ணா நான்கு மாடியும் ஓடி இறங்கி வந்தாள்.

"என்ன காரியம் பண்ணினே! திரும்பப் போடு. பூஜை புக்கிங் அத்தனையும் போயிடும்."

"ஒரே ஒரு ஓட்டல்ல ராம்ப் இருக்குன்னு காட்டுங்க, அதைப் போடறேன்."

"உன்னை எவ்வளவு உயரத்துல தூக்கி வெச்சோம் வித்யா!"

"தூக்காதீங்கன்னுதானே காலைலேருந்து சொல்லிண்டிருக்கேன்" என்று வித்யா தன்னை அறியாமல் தமிழில் சொல்லிவிட்டாள். சுதேஷ்ணாவுக்குத் தமிழ் தெரியாது, குரல் புரிந்தது.

கேடயம் கம்பெனிக்கே கிடைத்தது. வரவேற்பறையில், படிக்கட்டின் முதல் திருப்பத்தில் மாட்டியிருக்கிறார்கள். வித்யாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அப்படிச் செய்தால் கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம். அடுத்த அறிக்கையில் அவளைத் 'துணிச்சலின் வடிவம்' என்று எழுதப் போவதாகக் கேள்வி. அதுவும் அவளைப் பற்றியதாக இருக்காது.

அன்று பிற்பகல் முழுவதும் அவள் காவலாளி மேசைக்கருகே உட்கார்ந்து, அந்த ஓட்டல்களில் இடம் பதிவு செய்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று சொன்னாள்.