சாவி மச்சினன் கையில்

திண்டுக்கல்லில் பூட்டுக் கடை வைத்திருக்கிறேன். வெளியூருக்கு மாதிரிப் பூட்டுக் கொண்டுபோனால், பூட்டை ஒருவரும் சாவியை மற்றவரும் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பை களவுபோனாலும் அந்நியன் பூட்டைத் திறந்து வேலைப்பாட்டைப் பார்க்க முடியாது. கொழும்பு வியாபாரத்துக்கு விசா கேட்டுச் சென்னைக்குப் போனபோதும் அப்படித்தான் செய்தேன். கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. அவனும் அதே கடையின் பேரில் விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தான்.

பேட்டியில் அதிகாரி, நான் மேசைமேல் வைத்த பூட்டைப் பார்த்து, "ஒரு கடைக்கு ஒரு விசாதான். அந்தப் பூட்டைத் திறந்து காட்டும்" என்றார்.

"சாவி வெளிய மச்சினன்கிட்ட இருக்குங்க ஐயா."

"சாவி வைத்திருப்பவர்தானே முதலாளி?" என்று சிரித்துவிட்டு அவனை உள்ளே அழைத்தார்.

வந்தான். பூட்டைத் திறந்தான். "ஒருவருக்குத்தான் விசா. கடை யாருடையது?" என்று அதிகாரி கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கடை என்னுதுங்க. இவரு பூட்டைத் தூக்கிட்டு வந்த ஆளு" என்றான். நான் பூட்டை எடுத்துப் பைக்குள் போட்டேன். விசா அவனுக்குக் கிடைத்தது.

ரயிலில், "ரெண்டு பேருக்கும் இல்லாமப் போறதுக்கு இது தேவல, மாமா" என்று வெற்றிலையை நீட்டினான்.

இப்போதெல்லாம் பூட்டையும் சாவியையும் ஒரே பையில்தான் வைக்கிறேன். போவதென்னவோ வத்தலக்குண்டுச் சந்தைக்குத்தான். தம்பி கொழும்பிலிருந்து அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு, என் மனைவி அந்தப் பையை எடுத்துக் கொடுக்கிறாள்.